பாய் விரித்த தூரம்

வத்திராயிருப்பு வட்டாரத்தில் பங்குனி பிறந்துவிட்டால் வைகாசி கழியும்வரை ஏதாவது ஓர் ஊரில் பொங்கல் நடந்துகொண்டே இருக்கும். தை மாதத்துப் பொங்கலைச் சொல்லவில்லை. இது அம்மன் கோயில் பொங்கல். ஒரு செவ்வாய்க்கிழமை ஊர் கூடிப் பொங்கல் சாட்டுவார்கள். சாட்டிவிட்டால் வெளியூர் போனவர்கள் ராத்தங்காமல் திரும்பிவிட வேண்டும் என்பது கட்டுப்பாடு. வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பு, வேப்பிலைத் தோரணம், ஊர்ப் பொதுவெளியான மந்தையில் பந்தல்கால். பிறகு பொங்கல், அக்கினிச்சட்டி, முளைப்பாரி, மஞ்சள் நீர் என்று ஊர் தூங்காது. ஒவ்வொரு ராத்திரியும் மந்தையில் ஒரு பாட்டு உண்டு. ஒருநாள் கரகாட்டம், ஒருநாள் இன்னிசைக் கச்சேரி, ஒருநாள் நாடகம். டிக்கெட் கிடையாது, நாற்காலி கிடையாது, வாசல் கிடையாது. தமிழ்நாட்டின் திறந்தவெளி இசை விழாக்களைக் கணக்கெடுக்க யாராவது கிளம்பினால், மார்கழிச் சென்னையை விட்டுவிட்டுக் கோடைகாலத்து மந்தைகளிலிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம்.

இசை விழா என்றால் ஏசி அரங்கமும் கேன்டீன் தோசையும் என்று எங்களைப் போன்றவர்கள் பழகிவிட்டோம். அங்கே குழந்தை சிணுங்கினால் நாலு தலை திரும்பும். சபா வாசலில் பிள்ளையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டே கதவிடுக்கில் ஆலாபனை கேட்கும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி நின்றவள்தான். அதனால் பொங்கலுக்கு வரச் சொல்லி மதினி போன் செய்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, ராத்திரி பிள்ளைகளை என்ன செய்வது என்பதுதான்.

"என்ன செய்வியா? பாயில போடு. அதுகளுக்குத்தானே பொங்கல்" என்றார்.

மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில், கூமாபட்டிக்குப் பக்கத்தில், சின்ன ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர். அவர் மாமியார் இன்னும் இருக்கிறார். பிள்ளைகள் அவரை அப்பத்தா என்கிறார்கள். எங்களுக்கு ஏழு வயதில் ஒரு பெண், நான்கு வயதில் ஒரு பையன். பெரியவள் எதையும் கேள்வி கேட்டுவிட்டுத்தான் ரசிப்பாள். சின்னவன் மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொள்கிறவன்.

சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ். இரவு ஏறிப் படுத்தால் மதுரை, விருதுநகர், சிவகாசி தாண்டி விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூர். சிவகாசி கழிந்ததுமே மேற்கு ஜன்னலில் மலை வந்துவிடுகிறது. ஸ்டேஷனிலிருந்து வேன் பிடித்து மதுரை ரோட்டில் போய், கிருஷ்ணன்கோவிலில் இடது கைப்பக்கம் திரும்பினால் வத்திராயிருப்பு ரோடு. அங்கிருந்து நிலம் வேறாகிவிடும். சிவகாசிப் பக்கத்துக் கரிசலும் வெட்டவெளியும் போய், வரிசையாகக் கண்மாய்கள், தென்னந்தோப்புகள், அறுத்து முடித்த நெல் வயல்கள். இவ்வளவுக்கும் காரணம் மலையிலிருந்து இறங்கும் இரண்டு சிற்றாறுகள்.

வேன்காரர் கூமாபட்டியைப் பற்றித் தாமாகவே பேச்சை எடுத்தார். 2025-இல் ஓர் இளைஞர் செல்போனில் எடுத்துப் போட்ட ரீல்களால் அந்த ஊர்ப் பேர் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. "கூட்டங் கூட்டமா வந்தாக. வந்து எறங்குன ஒடனே அருவி எங்கேன்னு கேப்பாக. நான் அணையக் காட்டுவேன். குளிக்கலாமான்னு கேப்பாக. கூடாதும்பேன். ஒரு மொறை மொறச்சிட்டுப் போவாக" என்றார். இந்தப் பக்கத்தின் அழகு இறங்கிக் குளிக்கிற வகையைச் சேர்ந்தது இல்லை. சும்மா இருந்து பார்க்கிற வகை. அது ரீலில் பிடிபடாது.

முதல் ராத்திரி முளைப்பாரி வளர்த்த வீட்டிலிருந்து தொடங்கியது. காற்றும் வெளிச்சமும் படாத அறையில் நவதானியம் முளைத்து, வெளிர்மஞ்சளாகத் தலைநீட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் ராத்திரி ராத்திரி பெண்கள் கூடி வாசலில் கும்மி கொட்டியிருக்கிறார்கள். பாட்டுக் கேட்டால் பயிர் வளரும் என்று அப்பத்தா சொன்னார். பெரியவள் உடனே, "எந்தப் பாட்டுக்கு நல்லா வளரும்?" என்றாள். "நீ பாடுனா இன்னும் வளரும் தாயி, வா" என்று வட்டத்துக்குள் இழுத்துவிட்டார். அடி தெரியாத பிள்ளைகளுக்கு என்று கும்மி வட்டத்தில் தனியாக இடம் எதுவும் இல்லை. முன்னால் போகிறவள் கொட்டுவதைப் பார்த்துக் கொட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். இரண்டு சுற்றில் அவளுக்குக் கை பழகிவிட்டது. பரதநாட்டிய வகுப்பில் ஒரு தட்டடவுக்கு ஒரு பருவம் ஆகிறது.

அதன் பிறகு மேளம். நையாண்டி மேளம் என்றால் இரண்டு நாதசுரம், இரண்டு தவில், பம்பை, உறுமி, தமுக்கு, தாளம். கோயிலுக்கு எதிரே மண்தரையில் வட்டமாக நின்றார்கள். மேடை இல்லை. ஒரு பக்கம் தப்புக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சூட்டில் ஈரம் வற்றித் தோல் இறுகி, தட்டினால் 'டங்' என்று தெறிக்கும்வரை திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். ஊரிலுள்ள பொடிசுகள் அத்தனையும் அந்த நெருப்பைச் சுற்றித்தான் நின்றன. கச்சேரிக்கு முந்திய இந்த வேலையைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க முடிவது பெரிய காரியம். சத்தம் எங்கிருந்து வருகிறது, எதனால் கூடுகிறது என்று தெரிந்துபோகிறது. பாதி பயம் அங்கேயே போய்விடுகிறது.

மீதிப் பாதி உறுமியிடம் இருந்தது. வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து இழுக்கும்போது வரும் அந்தச் சத்தம் அடிவயிற்றைப் பிடித்து இழுக்கும். சின்னவன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கோயில் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டான். நான் பின்னாலேயே போனேன். மதினி என்னைத் தடுத்தார். "விடு. அவனே வருவான்."

வந்தான். முதலில் சுவர் மறைவிலிருந்து எட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு முன்னால், வேப்பமரத்தடியில். அப்புறம் பலூன்காரர் பக்கத்தில். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போதெல்லாம் சில அடி முன்னேறுவான். உறுமி ஓங்கினால் பின்வாங்குவான். கரகம் எடுத்த அம்மா தலையில் செம்போடு குனிந்து ரூபாய் நோட்டை இமையால் எடுத்தபோது அவன் தவில்காரரின் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவர் வாசிப்பை நிறுத்தாமலே, "என்ன சாமி, அடிக்கீகளா?" என்றார். அவர் விரல்களில் மாட்டியிருந்த கூடுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கல்லா?" என்று கேட்டான். துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவைத்தது என்று ஓய்வில் கழற்றிக் காட்டினார். இடது கைக் குச்சி பூவரசு என்றார்.

அன்று ராத்திரி எனக்குப் புரிந்தது இதுதான். குழந்தைக்கு எந்த இசை ஆகும், எது ஆகாது என்று நாம் மூளையைக் கசக்குகிறோம். அதற்கு வேண்டியது தூரத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை. வட்டமாக நிற்கும் மேளத்துக்கு முன் இருக்கை, பின் இருக்கை கிடையாது. கிட்டப் போகலாம், எட்டப் போகலாம், போய்விட்டுத் திரும்பலாம், யாரையும் தாண்ட வேண்டாம். ஒலியியல்காரர்கள் இதற்கு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். திறந்தவெளியில் ஒலி எழும் இடத்திலிருந்து தூரத்தை இரு மடங்காக்கினால் அளவு 6 டெசிபெல் குறையும். ஐந்து மீட்டரில் நிற்கும் பிள்ளை இருபது மீட்டருக்கு ஓடினால் 12 டெசிபெல் மிச்சம். சின்னவன் சுவருக்கும் தவிலுக்கும் நடுவே போய்வந்து போட்டுக்கொண்டிருந்தது இந்தக் கணக்கைத்தான்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவும் உண்டு. பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம்வரை 80 டெசிபெல் கேட்கலாம். குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரம், ஆனால் 75 டெசிபெல்தான். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகும். இப்படியே இறக்கிக்கொண்டு போனால் 85 டெசிபெல்லில் ஒரு குழந்தைக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம். 100 டெசிபெல்லில் எட்டு நிமிடம்கூட இல்லை. அதே நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கும் விழாக்களுக்கும் என்று ஒரு தரம் வகுத்தது. அதில் உச்ச அளவு, 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபெல். பெரியவர்களுக்கான திருவிழாவின் உச்ச அளவு குழந்தைக்கு எட்டு நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது.

இந்தக் கணக்கு இரண்டாம் ராத்திரிக்குத் தேவைப்பட்டது.

இன்னிசைக் கச்சேரி இளைஞர்கள் ஏற்பாடு. மத்தியானமே லாரியில் ஸ்பீக்கர் பாக்ஸ் வந்து இறங்கிவிட்டது. மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கினார்கள். அடுக்கிக் கட்டுவதே சத்தம் தூரத்தில் இருப்பவரையும் விடாமல் பிடிக்கத்தான். பாடகர்கள் கெட்டிக்காரர்கள்; எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளைப் பிசகாமல் பாடினார்கள். கீபோர்டுக்காரர் தனி ஆளாக வயலின் கூட்டத்தையே கொண்டுவந்தார். எல்லாம் சரி. ஆனால் பேஸ் ஏறியதும் பெரியவள் என் மடியில் சாய்ந்து, "அம்மா, என் வயித்துக்குள்ள யாரோ அடிக்கிறாங்க" என்றாள். சின்னவனைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவன் ஏற்கெனவே மதினியின் முந்தானைக்குள் இருந்தான்.

எழுந்து பின்னால் நகர்ந்தோம். இருபது மீட்டரில் ஒன்றும் மாறவில்லை. மந்தை முடிந்து தெரு முனை வந்தபோதும் நெஞ்சுக்கூடு அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. மேளத்திடம் பிள்ளை பெற்ற உரிமையைப் பாக்ஸ் பறித்துவிடுகிறது. ஊர் முழுக்க ஒரே இடமாகிவிடுகிறது. தெரு தாண்டிக் கண்மாய்க் கரையில் ஏறிய பிறகுதான் பாட்டு பாட்டாகக் கேட்டது. பார்த்தால், அங்கே எங்களுக்கு முன்பே வரிசையாகப் பாய்கள். கைக்குழந்தைக்காரிகள், பேரன் பேத்தியோடு கிழவிகள், காய்ச்சல் பிள்ளையோடு ஒருத்தி. ஆளுக்கொரு டார்ச்லைட், தண்ணீர்ப் பாட்டில், ஒரு தூக்கில் இட்லி. அப்பத்தாவும் தம் கோரைப்பாயை அங்கே விரித்துவிட்டிருந்தார். "கச்சேரின்னா இங்கனதான். கிட்டப் போனா பாட்டு எங்க கேக்கும்? இரைச்சல்தான் கேக்கும்" என்றார். யாரும் ஏற்பாடு செய்யாத குழந்தைகள் பகுதி அது. பிள்ளைகள் அங்கே ஆடினார்கள்; பாட்டு வரி தெரியாமல் கத்தினார்கள்; ஒவ்வொருவராகப் பாயில் விழுந்து தூங்கினார்கள். பூச்சிபொட்டுக்குப் பயந்து கிழவிகள் மாறி மாறி வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டார்கள்.

இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி என்று ஒரு திறந்தவெளி இசை விழா, 1970-இலிருந்து ஒரு பால்பண்ணையின் வயல்களில் நடக்கிறது. அங்கே பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை. அவர்களுக்கென்றே தனி வயல் ஒதுக்கிக் கூடாரம், சர்க்கஸ், கைவேலை என்று நடத்துகிறார்கள். பெற்றோர் பிள்ளைகளை இழுவண்டியில் படுக்கவைத்து இழுத்துக்கொண்டு போவதையும், பிள்ளைகளின் தலையில் பெரிய காது மூடிகள் இருப்பதையும் படங்களில் பார்க்கலாம். இதைப் பணக்கார நாட்டு ஆடம்பரம் என்று நம் ஊரில் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்க ஒன்றுமில்லை. காது மூடி கண்மாய்க் கரையைத் தலையிலேயே கட்டிக்கொண்டு போகிற வழி. சென்னைக்குத் திரும்பியதும் இரண்டு வாங்கினேன்.

நம்மிடம் விதி இல்லாமல் இல்லை. ஒலி மாசு விதிகள் 2000-இலேயே வந்துவிட்டன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக அரசு விலக்கு அளித்தாலும் நள்ளிரவு வரைதான், அதுவும் ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல். கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்கு நீதிமன்றத் தடை தனியாக. கூம்பு மதினி ஊர் வேப்பமரத்தில் இருந்தது. இளைஞர்களிடம் கேட்டேன். "பாக்ஸ் கம்மியா வச்சா அடுத்த ஊர்க்காரன் சிரிப்பான் அக்கா" என்றார் ஒருவர். பதில் நேர்மையாகத்தான் இருந்தது. பொங்கல் இப்போது அம்மனுக்கு எவ்வளவோ, அடுத்த ஊர்க்காரனுக்கும் அவ்வளவு.

ஒலியை மட்டும் பேசிக்கொண்டிருப்பதும் சரியில்லை. பிள்ளைகளோடு மந்தைக்குப் போகிறவளுக்குப் பெரிய கஷ்டம் கழிப்பறை. சொல்லப்போனால் கழிப்பறை இல்லாததுதான். ஆண்கள் இருட்டில் நாலடி நடந்து வேலையை முடித்துவிடுவார்கள். பெண்ணும் பெண் பிள்ளையும் வீடுவரை போய்வர வேண்டும், அதற்குள் பாதிப் பாட்டு போய்விடும். சீரியல் லைட் ஒயர்கள் பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் வேலிக்கம்பியில் தொங்குகின்றன. பலூன்காரரின் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே பஜ்ஜி அடுப்பு. சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள். திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு போவது என்றாலே அம்மா போவது என்றுதான் அர்த்தம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் முதல் நாளே பழைய கூட்டாளிகளோடு கலந்துவிட்டார், அவ்வப்போது வந்து, "பிள்ளைக தூங்கிட்டாங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் பகலில் எல்லோருக்கும் கண் எரிச்சல். பொங்கல் வீட்டில் பகல் தூக்கம் நடக்காது, ஆள் வந்துகொண்டே இருக்கும். அதனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அணைக்குப் போனோம். பிளவக்கல் என்று ஒரே பேராகச் சொன்னாலும் அணை இரண்டு: பெரியாறு அணை, கோவிலாறு அணை. முதலாவதில் 47 அடிச் சொச்சம் தண்ணீர் நிற்கும், இரண்டாவதில் 42 அடிச் சொச்சம். முல்லைப் பெரியாற்றுக்கும் இந்தப் பெரியாற்றுக்கும் சம்பந்தமில்லை. பேப்பரில் பெரியாறு அணை நீர்மட்டம் என்று பார்த்துக் குழம்புகிறவர்கள் உண்டு; குழப்பம் தீர ஒருமுறை வந்து பார்த்தால் போதும், இதன் கரையில் நடந்தே போய்விடலாம். இங்கே திறக்கும் தண்ணீர் கண்மாய் கண்மாயாக நிறைந்து வத்திராயிருப்புப் பக்கத்து வயல்களுக்குப் போகிறது. நேற்று ராத்திரி நாங்கள் பாய் விரித்ததும் அந்தக் கண்மாய்களில் ஒன்றின் கரையில்தான்.

சித்திரை வெயிலில் அணை அடிமட்டத்துக்கு வற்றியிருந்தது. மூன்று பக்கமும் மலை. அதெல்லாம் 2021-இலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம். அதற்கு முன்பே 1988-இல் சாம்பல் நிற மலை அணிலுக்காக இந்தப் பக்கத்துக் காட்டைச் சரணாலயம் ஆக்கியிருந்தார்கள். மலை அணில் கண்ணில் படவில்லை. மர நிழலில் துண்டை விரித்ததும் இரண்டு பிள்ளைகளும் தூங்கிப்போனார்கள். காற்று கிழக்கே திரும்பும்போது ஊர்க் கூம்பிலிருந்து ஒரு அம்மன் பாட்டு வந்தது. மேற்கே திரும்பினால் ஏதோ பறவை. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்டன. இரவெல்லாம் ஊரைச் சுற்றித் தேடிய தூரம் இவ்வளவு என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப அடுத்த வருஷம் இங்கயே பாய் போட்ரலாமா?" என்றார். சாயங்காலம் ஆனதும் ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதோடு, புலி என்ன நினைக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மூன்றாம் ராத்திரி நாடகம், வள்ளி திருமணம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. இந்தப் பக்கத்தில் இதற்கு இணையான மவுசு வேறெந்த நாடகத்துக்கும் இல்லை. பத்து மணிக்கு மேல்தான் பபூன் மேடைக்கு வந்தார். இடது பக்கம் ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு. இந்த ஆல்ரவுண்டுக்காரர்தான் பிள்ளைகளின் கதாநாயகன். தாளம் போடுவார், பபூன் விழுந்தால் அதற்கொரு சத்தம், அடி விழுந்தால் அதற்கொரு சத்தம், குதிரை, இடி, கிளி எல்லாம் அவர் கையில். இரண்டு மைக்கும் சாதாரண ஸ்பீக்கரும்தான். மேடைக்கு முன்னால் முதல் பாயே பிள்ளைகள் பாய். மத்தியானமே செங்கல் வைத்து இடம் பிடித்திருந்தார்கள். நேற்று ஊரைவிட்டு ஓடிய பிள்ளைகள் இன்று மேடைக்கு ஐந்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கிட்ட வா என்று யாரும் கூப்பிடவில்லை.

ஸ்பெஷல் நாடகம் என்று சொல்லும் இந்த வகையை ராத்திரி முழுக்க ஒரே மூச்சில் பார்க்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதன் கட்டுமானமே தூங்கி எழுவதற்கு இடம் விட்டுத்தான் இருக்கிறது. பபூன் பிள்ளைகளுக்கு. அவர்கள் தூங்கிய பிறகு வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம்; அது பெரியவர்களுக்கு, மணிக்கணக்கில் போகும். விடியற்காலையில் கிழவன் வேடம் வரும்போது பிள்ளைகள் மறுபடி எழுந்துகொள்வார்கள். பெரியவள் யானை வருமா வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்து, தர்க்கத்தில் தூங்கிப்போனாள். யானை வரும்போது எழுப்பச் சொல்லியிருந்தாள். எழுப்பினேன். யானை மேடையில் வரவில்லை. ஆல்ரவுண்டுக்காரரின் கையிலும் வாயிலும் வந்தது. "இவ்வளவுதானா?" என்பாள் என்று நினைத்தேன். வள்ளி பயந்து ஓடிய திசையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பெரிய யானை" என்றாள்.

சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களை மட்டும் சேர்த்து ஒரு நாடகக் குழு தொடங்கினார்: தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. பின்னாளைய நாடக நடிகர் டி.கே.சண்முகம் ஆறு வயதில் அதில் சேர்ந்தார். ஆறு வயதுப் பையன் விடிய விடியப் பாடினான் என்பதை இன்று பெருமையாகச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் எப்போது தூங்கினார்கள் என்றுதான் அம்மா மனசு கேட்கிறது. பாயில் தூங்கிக்கொண்டே கேட்கிற பிள்ளைக்கு அந்தக் கஷ்டமில்லை.

இடையிடையே ஜவ்வு மிட்டாய்க்காரர். உயரமான மூங்கில் கம்பின் உச்சியில் ஒரு பொம்மை. கயிற்றை இழுத்தால் இரண்டு கையாலும் தாளம் தட்டும். கம்பில் சுற்றியிருக்கும் மிட்டாயை இழுத்துப் பிள்ளைகளின் மணிக்கட்டில் வாட்ச் கட்டிவிடுவார். அதன் சாயத்தைப் பற்றி எனக்குச் சந்தேகங்கள் உண்டு. சின்னவன் ஒரு ராத்திரியில் இரண்டு வாட்சைத் தின்றான்.

திரும்பும் நாளில் ரயிலுக்கு நேரம் இருந்ததால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினோம். கோயிலின் பதினோரு நிலைக் கோபுரத்தின் கீழ், குளிர்ந்த கல்தரையில், பிள்ளைகள் இரண்டும் அவிழ்த்துவிட்ட மாதிரி ஓடின. இந்த ஊரில் அதை யாரும் கண்டிக்கக் கூடாது என்பது என் கட்சி. பெரியாழ்வார் ஊர் இது. கண்ணனைக் குழந்தையாக்கி, தொட்டிலில் ஆட்டுவது, நிலாவைக் கூப்பிடுவது, சப்பாணி கொட்டவைப்பது, தளர்நடை பழக்குவது, காது குத்தக் கெஞ்சுவது, குளிக்க அழைப்பது, தலைவாரக் காக்கையைக் கூப்பிடுவது என்று வேளைக்கு வேளை பாடிவைத்தவர். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்களெல்லாம் இந்த வழியில் வந்தவை. காது குத்துகிற பாட்டைப் படித்தால் தெரியும். பிள்ளை ஓடுகிறது, அம்மா தின்பண்டத்தைக் காட்டிக்கொண்டு பின்னால் போகிறாள், பாட்டு இரண்டு பேருக்கும் பின்னால் மூச்சுவாங்க வருகிறது. உட்காரவைத்துக் கேட்கச் சொல்லும் பாட்டில்லை அது. இன்றும் மார்கழியில் அரையர்கள் கையில் தாளத்தோடு இங்கே பாசுரங்களைப் பாடி அபிநயிக்கிறார்கள். இந்த அரையர் சேவை மிஞ்சியிருக்கும் ஒருசில கோயில்களில் இது ஒன்று.

கடைத்தெருவில் பால்கோவா வாங்கினோம். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து ஒவ்வொரு கடையும் அசல் தாங்கள்தான் என்கிறது. நாங்கள் கூட்டம் இருந்த கடையில் வாங்கினோம்.

அடுத்தது இதே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் ஆடிப்பூரம். மதினி இப்போதே போன் செய்ய ஆரம்பித்துவிட்டார். நான் யோசித்துவைத்திருப்பது இப்படி: தேர் அன்று பிள்ளைகளோடு போக மாட்டேன். நான்கு ரத வீதியும் தலையாக இருக்கும் நாள் அது; நாதசுரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நாலு வயதுப் பிள்ளைக்குப் பின்வாங்க இடம் கிடையாது. ஐந்தாம் நாள் ஐந்து கருட சேவை ராத்திரியில் வருகிறது. பெருமாள்கள் ஐவர் கருடனில், ஆண்டாள் அன்னத்தில். ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணை கிடைத்தால் மேளம் தூரத்தில் தொடங்கி, கிட்ட வந்து, கடந்து போகும். ஏழாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே உள்ள கிருஷ்ணன் கோயிலில் சயனத் திருக்கோலம். ஆண்டாள் மடியில் ரங்கமன்னார் தலைவைத்துப் படுத்திருப்பார். தூங்குகிற சாமியைப் பார்க்கச் சின்னவன் நிச்சயம் வருவான். இந்த இரண்டு போதும் என்றேன்.

"தேர் பாக்காம என்னடி ஆடிப்பூரம்?" என்று மதினி சண்டைக்கு வந்தார். வெகுநேரம் பேசி, தேரை அவர் பார்ப்பது, பிள்ளைகளை என் வீட்டுக்காரர் பார்ப்பது, நான் ரத வீதியில் வடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பது என்று முடிவாகியிருக்கிறது. வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை.